மாதர் ஜூரியும் மருத்துவர் சாட்சியமும்

இங்கிலாந்தில் தூக்குத் தண்டனை பெற்ற ஸ்திரீ ஒருத்தி, தான் கர்ப்பவதி என்று நீதிபதியிடம் முறையிட்டால், பிள்ளை பெற்று அனுபவப்பட்ட பன்னிரண்டு மாதரைக் கூட்டி, அவளோடு தனியறைக்கு அனுப்பி, வயிற்றைத் தொட்டுப் பார்த்து உண்மை சொல்லும்படி கேட்பது பல நூற்றாண்டுக் காலம் வழக்கமாயிருந்தது. அந்த மாதர் ஜூரியின் முன் நின்ற கேள்வி, அவள் கருவுற்றிருக்கிறாளா என்பதன்று. சிசு அசைந்துவிட்டதா என்பதே. வெறும் கர்ப்பம் போதாது, அசைவு கண்டிருந்தால்தான் தண்டனை ஒத்திவைக்கப்படும் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் பிளாக்ஸ்டன் திட்டமாக எழுதியிருக்கிறார். அம்மாதர் இரக்கப்பட்டு, இல்லாத அசைவையும் உண்டென்று சொல்லியிருக்கலாம் என்று சரித்திராசிரியர்கள் சந்தேகிப்பதுண்டு. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

தலைச்சூலி பெரும்பாலும் ஐந்தாம் மாதத்தில் உணரும் அந்த அசைவை, முன்பே பெற்றவள் நான்காம் மாதத்திலேயே கண்டுகொள்வாள். சட்டம் உயிருக்கு இட்ட எல்லைக்கோடு இவ்வாறு ஒரு பெண்ணின் உணர்வை நம்பியே நின்றது. அசைவுக்குப் பிந்திய கருவழிப்பைக்கூடப் பெருங்குற்றம் என்றாரேயன்றிக் கொலை என்று சொல்லவில்லை, பதினேழாம் நூற்றாண்டின் நீதிபதி கோக். உயிரோடு பிறந்து, பிறகு அக்காயத்தால் மாண்டால்தான் அவருக்கு அது கொலை.

1803-இல் எல்லன்பரோ பிரபுவின் சட்டம் இக்கோட்டை ஏட்டில் ஏற்றி, அசைவுக்குப் பின் கருவழிப்போருக்கு மரண தண்டனையும், அதற்கு முன்னாயின் நாடுகடத்தல் முதலிய தண்டனைகளும் விதித்தது. ஆனால் உயிர் திடீரென்று ஒருநாள் புகுவதில்லை என்று மருத்துவர்கள் வாதித்து வந்தார்கள். 1820-களின் தொடக்கத்தில் சிசுவின் இதயத் துடிப்பை ஸ்டெதாஸ்கோப்பினால் கேட்கலாம் என்று பிரான்சில் கண்டறிந்தபின், தாய் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலையும் தளர்ந்தது. 1837-இல் இங்கிலாந்து மரண தண்டனையையும் அசைவுப் பேதத்தையும் ஒருங்கே கைவிட்டது.

விசித்திரம் என்னவெனில், தான் கைவிட்ட பேதத்தை 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவில் நமக்கு எழுதிக்கொடுத்ததுதான்: தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தாலன்றி, கருச்சிதைவு செய்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை, சிசு அசைந்திருந்தால் ஏழாண்டு வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. ஒரு மாதக் கர்ப்பமே என்பதால், சிசு என்று சொல்லத்தக்க எதுவுமில்லை என ஒரு பெண்ணைச் செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்ய, 1886-இல் சென்னை ஹைக்கோர்ட் அதைத் தவறென்று தீர்த்து, கருவுற்ற க்ஷணத்திலிருந்தே சிசுவைக் காப்பது தாயின் கடமை என்றது. அவள் எந்த நிர்ப்பந்தத்தில் அதைச் செய்தாள் என்பது அந்தத் தீர்ப்புக்கு வேண்டியிருக்கவில்லை.

சொத்து விஷயத்தில் சட்டம் வேறொரு முகம் காட்டும். இந்துச் சட்டத்தின் மிதாக்ஷர முறையில், பாகப்பிரிவினையின்போது கருவிலிருந்த பிள்ளைக்குப் பங்கு ஒதுக்காவிட்டால், அவன் பிறந்தபின் பிரிவினையையே மாற்றிக் கோரலாம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் கருவிலுள்ளதற்கு உரிமை தருகிறது. உயிரோடு பிறக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

இங்கிலாந்தில் 1929-இல், இருபத்தெட்டு வாரம் நிறைந்த கரு உயிரோடு பிறக்க வல்லது என்று கொள்ளும் புதிய கோடு பிறந்தது. 1931-இல் மாதர் ஜூரி ஒழிந்தது. குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டர் காப்பாற்றத் தொடங்கியபின் அந்த இருபத்தெட்டும் நிலைக்காமல், 1990-இல் கருக்கலைப்புக்குப் பொது வரம்பாக இருபத்துநான்கு வாரம் வந்தது.

நம் நாட்டில், கருக்கலைப்பை ஆராய்ந்த சாந்திலால் ஷா குழுவின் அறிக்கையை அடுத்து வந்த 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், பன்னிரண்டு வாரம் வரை ஒரு மருத்துவரின் அபிப்பிராயத்தையும், இருபது வாரம் வரை இருவருடையதையும் கேட்டது. 2021-இல் சில வகைப் பெண்களுக்கு அவ்வரம்பு இருபத்துநான்கு வாரமாயிற்று. 2023 அக்டோபரில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒருத்தி இருபத்தாறு வாரக் கர்ப்பத்தைச் சுமக்க இயலாதென்று கலைக்க அனுமதி கேட்டபோது, உச்ச நீதிமன்றம் முதலில் அனுமதித்தது. சிசு பிழைக்கும் வாய்ப்புண்டு என்று எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் எழுதியபின் நீதிபதிகள் இருவரும் வேறுபட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அந்த அனுமதியை மறுத்தார்கள்.