இமாம் கஸ்ஸாலியை உருவாக்கிய ஆசான்களும் நூல்களும்

'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்று போற்றப்படும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லம் அரிது. ஆனால் அப்பேரறிஞரை உருவாக்கிய ஆசான்கள் யார், நூல்கள் எவை என்று நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராசான் நாட்டின் தூஸ் நகரில் இமாம் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த எளியவர். மரணத் தறுவாயில், தம் இரு புதல்வர்களின் கல்விக்காகத் தம்மிடம் இருந்த சிறு தொகையை ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார். அது தீர்ந்ததும், தாமும் ஏழையான அந்நண்பர், உணவு கிடைக்கும் மத்ரஸாவில் சேருமாறு பிள்ளைகளை அனுப்பி வைத்தார். வயிற்றுக்காகத் தேடிச் சென்ற கல்வி அல்லாஹ்வுக்காக மட்டுமே இருப்பேன் என்று அடம்பிடித்துவிட்டது என இமாம் பிற்காலத்தில் சொன்னதாக வரலாறு கூறுகிறது.

தூஸில் அஹ்மது ராதகானி அவர்களிடம் ஃபிக்ஹு பயின்றபின், ஜுர்ஜான் சென்று மேலும் படித்துக் குறிப்புகளோடு ஊர் திரும்பினார்கள். வழியில் கொள்ளையர் அனைத்தையும் பறித்தனர். குறிப்புகளை மட்டுமாவது தரும்படி இமாம் கெஞ்சினார்கள். தாள்கள் போனால் போய்விடுகிற அறிவை உன் அறிவு என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுச் சிரித்த கொள்ளையர் தலைவன், அவற்றைத் திருப்பிக் கொடுத்தான். அல்லாஹ்வே அவனைப் பேச வைத்ததாகக் கருதிய இமாம், மூன்றாண்டுகள் செலவிட்டு அக்குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார்கள்.

பின்னர் நைசாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் உசூல், இல்முல் கலாம், தர்க்கம் ஆகியவற்றைக் கற்றார்கள். 1085இல் ஆசான் மறையும்வரை இத்தொடர்பு நீடித்தது. 1091இல் பக்தாது நிஜாமிய்யாவின் பேராசிரியரானார்கள். முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியபடியே, ஓய்வு நேரங்களில் ஆசிரியர் துணையின்றி இரண்டாண்டுகளுக்குள் தத்துவ நூல்களைக் கற்றுத் தேர்ந்தார்கள்.

அதன் பின்னர் அபூதாலிப் மக்கீயின் 'கூத்துல் குலூப்' நூலையும் ஹாரிஸ் முஹாஸிபீயின் நூல்களையும் படித்தார்கள். அப்போது ஓர் உண்மை புலப்பட்டது: ஆரோக்கியத்தின் இலக்கணம் அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. நூல் வழியைக் காட்டும், நடப்பது நாம்தான். இந்த மனப்போராட்டத்தில் 1095இல் பாடம் சொல்ல முடியாதபடி நாவே அடங்கிப்போயிற்று. பதவியைத் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார்கள். அவ்வாழ்வின் கனியே 'இஹ்யாவு உலூமித்தீன்'. 1106இல் மீண்டும் நைசாப்பூரில் பாடம் சொல்லத் தொடங்கினார்கள்.

அக்கனி நம் மண்ணுக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பாலெம்பாங் ஆலிம் அப்துஸ் ஸமது, இஹ்யாவின் சுருக்கத்தைத் தழுவி மலாய் மொழியில் 'சியருஸ் ஸாலிகீன்' எழுதினார். பொன்டோக் பள்ளிகளில் அது வழிவழியாக ஓதப்பட்டு வருகிறது.

பொன்விழாக் காணும் நாம் பிள்ளைகளுக்கு நூல்களும் வகுப்புகளும் தருகிறோம், இனியும் தருவோம். ஆனால் கைப்பேசியில் ஆயிரம் கிதாபுகளைச் சுமக்கும் அவர்களிடம், அது பறிபோனால் உன்னிடம் எஞ்சுவது என்ன என்று அன்போடு கேட்கும் ஆசானும் வேண்டும். அந்தக் கேள்வியை நமக்குள்ளும் கேட்டுக்கொள்வோமாக.