புகையும் தெருவில் உழைப்போரும்

பம்பாயின் முதல் பஞ்சாலையைக் கவாஸ்ஜி தாவர் 1854-இல் நிறுவினார். பின்னர்ப் பரேலிலும் லால்பாகிலும் புகைபோக்கிகள் பனந்தோப்புப் போல் எழுந்தன. 1912-இல் பம்பாய்ப் புகைத் தொல்லைச் சட்டம் பிறந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பெயரே உறுத்துகிறது. மூலத்திலுள்ள ‘நியூசென்ஸ்’ என்ற சொல்லைத் ‘தொல்லை’ என்றுதான் பெயர்க்க வேண்டும். மாடத்தில் நிற்பவருக்குப் புகை தொல்லையே. உலர்த்திய வேட்டி கறுத்துவிடும். கீழே கைவண்டி இழுப்பவனுக்கு அச்சொல் போதுமா?

அளவையும் சொல்லுக்கு ஏற்றதாகவே இருந்தது. பிரெஞ்சுப் பேராசிரியர் ரிங்கெல்மான் 1888-இல் அமைத்த அட்டையே அக்காலத்துப் பெருநகரங்களில் புகைக்கு அளவுகோல். அட்டையிலுள்ள கருமையோடு புகைபோக்கியின் வாயிலெழும் கருமையை ஒப்பிடுவர். அண்ணாந்து பார்த்தவர்கள் குனிந்து பார்த்திலர். 1915-இல் கோப்போலியிலிருந்து நீர்மின்சாரம் ஆலைகளுக்கு வரவே, நிலக்கரியின் ஆட்சி சற்றுத் தளர்ந்தது. அந்நன்மை பொறியியலின் கொடை; சட்டத்தின் கொடையன்று.

செம்பூரில் அட்டைக்கு வேலையே இல்லாமற் போயிற்று. அதனை அடுத்த டிராம்பேயில் 1950-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அனல்மின் நிலையமும், 1960-களில் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. அங்கு வெளிப்பட்ட கந்தக டையாக்சைடு நிறமற்றது. 1970-களின் பிற்பகுதியில் கே.ஈ.எம். மருத்துவமனை டாக்டர் எஸ். ஆர். காமத் குழுவினர் லால்பாக், செம்பூர், கார் ஆகிய பகுதி மக்களையும் ஒரு கிராமத்தாரையும் சோதித்தனர். இருமலும் மூச்சுத்திணறலும் கிராமத்தைவிட மாசு மிகுந்த நகர்ப் பகுதியில் மிகுந்திருந்தன. புகைபோக்கியை விட்டு மனித நெஞ்சை நோக்கிய அவ்வாராய்ச்சி போற்றத்தக்கது.

எனினும் அது மக்களைக் குடியிருப்பைக் கொண்டே வகுத்தது. தாராவியில் உறங்கி, மாதுங்காச் சாலைகளில் பகலெல்லாம் சுமை தூக்கும் நம்மவர் எந்தப் பகுதிக் காற்றுக்கு உரியவர்? ஓய்வில் மனிதன் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உட்கொள்கிறான். கடும் உழைப்பில் அது நாற்பதைத் தாண்டும். அப்போது வாயாலும் மூச்சு வாங்குவதால், மூக்கின் வடிகட்டலும் குறைந்துவிடும். ஆதலின் ஒரே தெருவில், டாக்சியில் அமர்ந்தவர்க்கும் மூட்டை சுமப்பவர்க்கும் கிட்டும் நஞ்சு ஒன்றன்று.

1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 2009-இல் திருத்திய தேசியத் தர அளவு, நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என வரம்பு கட்டியது. தொண்ணூறு அடிச் சாலையில் தள்ளுவண்டிக்காரர் நிற்கும் நெரிசல் வேளையும், அவர் வீட்டில் உறங்கும் பின்னிரவும் அச்சராசரியில் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன.