படத்தில் விரிந்த உலகம்

‘இது என்ன?’ என்று கேட்கத் தொடங்கும் குழந்தை, விரைவிலேயே ‘இது ஏன்?’ என்றும் கேட்கத் தலைப்படுகின்றது. புனைகதைகள் இவ்வினாக்களுக்கு ஓரளவே விடை பகர்கின்றன. மெய்யான பொருள்களையும் நிகழ்ச்சிகளையும் படங்களோடு சுவைபடச் சொல்லும் நூல்களே அவ்வேட்கையைத் தணிக்க வல்லவை. இன்று பல்கிப் பெருகியுள்ள அத்தகைய நூல்களுக்கெல்லாம் மூதாதையென ஒரு நூலைக் கல்வி வரலாற்றார் சுட்டுவர். நாடிழந்து அலைந்த ஒருவரின் உள்ளத்தில் முகிழ்த்த நூல் அது.

இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதியான மொராவியாவில் 1592ஆம் ஆண்டு பிறந்தவர் யான் ஆமோஸ் கொமேனியஸ். சமயத் தொண்டராகவும் ஆசிரியராகவும் வாழத் தொடங்கியவரை 1618இல் மூண்ட முப்பதாண்டுப் போர் நிலைகுலையச் செய்தது. 1622இல் கொள்ளைநோய் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொண்டு சென்றது. 1628இல் தம் சபையாரோடு எல்லை கடந்து போலந்தின் லெஷ்னோ நகரில் அடைக்கலம் புகுந்தார். பிறந்த மண்ணில் வாழும் பேறு அவருக்குப் பின்னர் வாய்க்கவேயில்லை.

அக்காலப் பள்ளிகளின் நிலை இரங்கத்தக்கது. இலத்தீன் சொற்களைப் பொருள் விளங்காமல் நெட்டுருப் போடுவதே கல்வி எனப்பட்டது. பிரம்பு அதற்குத் துணை நின்றது. பொருளைக் காணாத கண்ணுக்குச் சொல் வெற்றொலியே என்பதைக் கொமேனியஸ் உணர்ந்தார். 1631இல் அவர் வெளியிட்ட இலத்தீன் பாடநூல் ஐரோப்பாவெங்கும் பரவிப் புகழ் தேடித் தந்தது. ஆயினும் இளஞ்சிறார்க்கு அது கடினமாகவே இருந்தது. 1650 முதல் 1654 வரை அங்கேரியின் ஷாரோஷ்பட்டாக் நகரில் பள்ளிச் சீர்திருத்தப் பணியாற்றியபோது, படங்களாலேயே பாடம் நடத்தும் நூலொன்றை ஆக்கினார். மரத்தில் படம் செதுக்கும் கைவினைஞர் அங்குக் கிடைக்கவில்லை. எனவே அந்நூல் செருமானிய நகராகிய நியூரம்பெர்குக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

இதற்கிடையே 1656இல் லெஷ்னோ நகர் தீக்கிரையானது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் தொகுத்து வந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப்படியும் சாம்பலாயிற்று. தாய்மொழிக்கெனத் தொகுத்தது அழிந்தது. குழந்தைகளுக்கென எழுதியது 1658இல் நியூரம்பெர்கில் அச்சேறியது. அப்போது ஆசிரியருக்கு வயது அறுபத்தாறு.

‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ என்பது நூலின் பெயர். புலன்களால் அறியத்தகும் உலகம் படங்களாய் அமைந்தது என்பது அதன் கருத்து. இலத்தீனும் செருமன் மொழியும் அடுத்தடுத்து நிற்க, 150 பகுதிகளாய் அந்நூல் விரிகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும். பாடத்தில் அப்பொருளைக் குறிக்கும் சொல்லருகே அதே எண் நிற்கும். எளிய உத்திதான்! ஆனால் குழந்தையின் விரல் சொல்லிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து சொல்லுக்கும் தானே சென்று மீள அதுவே வழி வகுத்தது. ரொட்டி சுடுதல், நெசவு, தாள் செய்தல், அச்சுக்கூடம், புத்தகக் கடை ஆகிய யாவும் அங்கே இடம் பெறுகின்றன. நகர் முற்றுகையும் குற்றவாளிகளுக்கு இழைக்கப்படும் கொடுந்தண்டனைகளும்கூட மறைக்கப்படவில்லை. இவற்றைச் சிறுவர்க்குக் காட்டலாமா என நாம் இன்று தயங்குவோம். போரின் நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு அவை புதியன அல்ல என அவர் எண்ணினார் போலும்.

நூலின் தொடக்கத்தில் வரும் நெடுங்கணக்கு தமிழாசிரியர்க்கு இன்பம் பயப்பது. காகம் கரையும் ஒலி முதலெழுத்தைக் கற்பிக்கிறது. ஆட்டுக்குட்டியின் ஒலி அடுத்ததை. நாயின் உறுமல் வேறொன்றை. பாம்பின் சீறல் மற்றொன்றை. காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும் என ஒலிமரபு கற்பிக்கும் நமக்கு இவ்வழி அயலானதன்று. ஒலிமரபை நாம் உயர் வகுப்பின் இலக்கணப் பகுதிக்கு ஒதுக்கிவைக்க, அவரோ அதனை முதல் நாளின் விளையாட்டாக்கினார் என்பதே வேறுபாடு.

பள்ளிக்கு வருமுன்பே இந்நூலைக் குழந்தையின் கையில் கொடுத்துப் படம் பார்த்து மகிழ விடவேண்டும், விரும்பினால் பார்த்து வரையவும் விடவேண்டும் என்கிறது முன்னுரை. நிறம், சுவை போன்று மையால் தீட்டவியலாதவற்றை நேரிலேயே காட்டவேண்டும் என்றும் கூறுகிறது. உயிரைப் பற்றிய பகுதிக்கு என்ன படம் இடுவது? விரித்த துணியொன்றில் புள்ளிகளால் ஆன மனித உருவம் ஒன்று அங்கே வரையப்பட்டுள்ளது. காணவொண்ணாததைக் காணவொண்ணாதது என்றே காட்டிய அத்திறம் வியக்கத்தக்கது.

எனினும் குறைகளை மறைத்தல் வரலாறாகாது. சிறகுடைய நாகம் மூச்சால் கொல்லும் என்றும், பேசிலிஸ்க் என்னும் பாம்பு பார்வையால் கொல்லும் என்றும் நூல் உரைக்கிறது. ஒற்றைக்கொம்புக் குதிரையும் காட்டு விலங்குகளோடு நிற்கிறது. உலகம் நடுவே நிற்க, வானம் அதனைச் சுற்றி வருவதாகவும் சொல்லப்படுகிறது. இங்கே ஒரு விந்தையுண்டு. உலகமே கதிரவனைச் சுற்றுகிறது என்று நிறுவ முனைந்த கோப்பர்னிக்கஸின் கையெழுத்துப்படியை 1614இல் ஹைடல்பெர்க் நகரில் விலைகொடுத்து வாங்கியவர் இதே கொமேனியஸ்தான். ஏடு கையில் இருந்தும் அதன் கொள்கை நெஞ்சில் ஏறவில்லை. அறிவு நூல் எழுதுவோர் தம் காலத்தின் பிழையையும் சேர்த்தே குழந்தைக்கு ஊட்டிவிடுகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நூல் விரைந்து பரவியது. 1659இலேயே சார்ல்ஸ் ஹூல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தாம் சிறுவனாய் இருந்தபோது கிடைத்த நூல்களுள் ஒன்றாகக் கதே தம் வரலாற்றில் இதனைக் குறித்துள்ளார். 1790இல் வைமார் நகரில் பெர்டூக் தொடங்கிய படநூல் வரிசை, ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களோடு பன்னிரண்டு தொகுதிகளாக வளர்ந்தது.

கொமேனியஸ் 1670இல் ஆம்ஸ்டர்டாமில் மறைந்தார். பொருளைக் காட்டுவது அவர் முறை. பொருளின் வாழ்வைக் கதையாய்ச் சொல்லும் முறை பின்னரே தழைத்தது. 1931இல் பிரான்சு நாட்டில் பால் ஃபோஷே ‘பேர் காஸ்டோர்’ படநூல்களைத் தொடங்கினார். அவர்தம் துணைவியார் லீடா செக் நாட்டுப் பெண்மணி. ரோஜான்கோவ்ஸ்கியின் ஓவியங்களோடு லீடா எழுதிய அணில் கதையில், அணிலின் மெய்யான வாழ்வே கதையாகிறது. கொமேனியஸ் இழந்த மண்ணின் மகளொருத்தி அயல்நாட்டிலிருந்து அவர் பணியைத் தொடர்ந்தார் எனலாம்.

1989இல் அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம், குழந்தைகளுக்கான சிறந்த மெய்ந்நூலுக்கென விருதொன்றை நிறுவி அதற்கு ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ எனப் பெயரிட்டது. விருதுக்குரிய அளவுகோல்களுள் ஒன்று செய்திகளின் பிழையின்மை. சிறகுள்ள நாகம் உலவும் நூலின் பெயரைத் தாங்கியே அவ்விருது ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வந்துள்ளது.