மறதியும் சொல்லிழப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முதியோர் சொற்களை மறப்பின் அதனை ஆல்சைமர் நோய் எனக் கொள்வது பொதுவழக்கு. ஆல்சைமர் தம் நோயாளியைப் பற்றி உரையாற்றியது 1906இல். அதற்கு முன்னரே, 1892இல், பிராகு நகர மருத்துவர் ஆர்னால்டு பிக், மூளைச் சுருக்கத்தால் மொழி சிதைந்த 71 வயது நோயாளி ஒருவரை விவரித்திருந்தார். 1975இல் எலிசபெத் வாரிங்டன், பிற அறிதிறன்கள் பெரிதும் நிலைத்திருக்கவும் சொற்பொருளறிவு தேய்வதைக் காட்டினார். 1989இல் இந்நிலை 'சொற்பொருள் மறதிநோய்' எனப் பெயர் பெற்றது.

இதனைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களுள் ஒன்று வாசிப்பு. எழுத்தும் ஒலிப்பும் பொருந்தாத ஆங்கிலச் சொற்களை இந்நோயாளி எழுத்துக்கூட்டியவாறே ஒலிப்பார். 2011ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறையிலும் இவ்வடையாளம் இடம்பெற்றது.

மைசூரில் 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியபோது, அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் அங்கு முன்னரே இயங்கிவந்தது. மொழியாய்வும் பேச்சு மருத்துவமும் அருகருகே வளர்ந்த அந்நகரின் கன்னடத்தில், எழுத்து ஒலிப்பை நெருங்கிப் பின்பற்றுகிறது. ஆதலின் மேற்கண்ட சோதனைக்கு ஆங்கு இடம் மிகக் குறைவு. தமிழின் நிலை வேறு. 'குளம்', 'குணம்' என்பவற்றின் முதலெழுத்து ஒன்றே. எனினும் பின்னதைப் பலர் ஒலிப்புடை மெய்யாக உச்சரிப்பர். அவ்வேறுபாட்டை எழுத்து காட்டுவதில்லை, சொல்லறிவே காட்டுகிறது. இத்தகைய கடன்சொற்கள் தமிழ்ச் சோதனைக்குப் பயன்படுமா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலச் சொற்பட்டியலை மொழிபெயர்ப்பதால் மட்டும் சோதனை அமைந்துவிடாது. மொழியமைப்பை நோக்காத சோதனையால் ஒரு நோய் மற்றொன்றாகக் கொள்ளப்படும். அதன் விளைவை நோயாளியும் குடும்பத்தாருமே ஏற்க நேரும்.