விமான எரிபொருள் திட்டமிடல்
வணிக விமானம் புறப்படுமுன் அதில் ஏற்ற வேண்டிய எரிபொருளைக் கணக்கிடும் முறை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், சேருமிடம் வரை பறக்கவும், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போகவும் வேண்டிய அளவுடன், எதிர்பாராத காற்றுக்கென வழக்கமாக 5 விழுக்காடும், ஜெட் விமானமானால் 30 நிமிடம் வட்டமிடுவதற்கான இறுதிக் கையிருப்பும் சேரும். நிறைய ஏற்றிவிட்டால் கவலையில்லையே என்றால், கூடுதல் எடையைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். வெப்பத்தால் பருமன் மாறும் என்பதால் கணக்கு லிட்டரில் அல்ல, எடையில். 1983 ஜூலை 23 அன்று 22,300 கிலோகிராம் தேவைப்பட்ட ஏர் கனடா போயிங் 767 ஒன்றில், லிட்டரை எடையாக மாற்றும் எண்ணில் நேர்ந்த பிழையால் 22,300 பவுண்டுதான் இருந்தது. நடுவானில் இரு இயந்திரங்களும் நின்றன. விமானிகள் அதை மிதக்கவிட்டே கிம்லி என்னும் ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினர். உயிரிழப்பில்லை.