லினக்ஸ் கெர்னலின் வளர்ச்சிக் கிளைகள்

லினக்ஸ் கெர்னலில் புதிய வசதிகளைச் சேர்க்கும் வேலையும் வழுக்களைக் களையும் வேலையும் தனித்தனிக் கிளைகளில் நடக்கின்றன. எந்தக் கிளையில், எந்தக் கட்டத்தில், எதைச் சேர்க்கலாம் என்பதற்கு இன்று தெளிவான கால ஒழுங்கு உண்டு. அது உருவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வெளிவந்த பின், பதிப்பின் இரண்டாம் எண்ணே கிளையைச் சுட்டியது. 1.2, 2.0, 2.2 போன்ற இரட்டை எண்கள் பயன்பாட்டுக்கு, 1.3, 2.1, 2.3 போன்ற ஒற்றை எண்கள் சோதனைக்கு. இந்த முறையின் குறை காத்திருப்புதான். 2.2 வெளிவந்தது 1999 ஜனவரியில், 2.4 வருவதற்கு இரண்டு ஆண்டு, அதன்பின் 2.6 வருவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயின. 2.4 வெளியான பிறகும் 2.5 கிளை 2001 நவம்பர் வரை திறக்கப்படவில்லை. புதிய வேலைக்கு வேறு போக்கிடம் இல்லாததால் அது நிலையான கிளைக்குள்ளேயே புகுந்தது: 2001 செப்டம்பரில் வந்த 2.4.10 பதிப்பில் நினைவக மேலாண்மையின் பெரும்பகுதியே மாற்றப்பட்டது. லினக்ஸ் வழங்கல்களை வெளியிட்ட நிறுவனங்களும் பொறுத்திருக்கவில்லை. சோதனைக் கிளையின் வசதிகளைத் தாமே பழைய கெர்னலில் பொருத்தி விற்றன. அவற்றின் கெர்னல்கள் மூலக் கெர்னலிலிருந்து வெகுவாக விலகிப்போயின.

2004 ஜூலையில் ஒட்டாவாவில் கூடிய கெர்னல் நிரலாளர்கள் 2.7 கிளையைத் திறப்பதில்லை என முடிவு செய்தனர். அடுத்த ஆண்டு மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. மார்ச்சில் 2.6.11.1 பதிப்போடு, திருத்தங்களை மட்டும் ஏற்கும் நிலைக்கிளை தொடங்கியது. ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவியை எழுதினார். அதனால் கிளைகளை இணைப்பது எளிதானது. இணைப்புக்கான காலக்கெடுவும் அந்த ஆண்டிலேயே வழக்கமாயிற்று.

அதன்படி, ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரங்களுக்கு மட்டுமே புதிய வசதிகள் ஏற்கப்படும். துணைப்பகுதிகளின் பராமரிப்பாளர்கள் தத்தம் கிளைகளை அனுப்ப, டோர்வால்ட்ஸ் அவற்றை முதன்மைக் கிளையில் இணைப்பார். பின்பு, இறுதிப் பதிப்புக்கு முந்தைய சோதனை வெளியீடுகளான ஆர்சிகளில் முதலாவதான ஆர்சி1 வெளியாகும். அதிலிருந்து திருத்தங்களுக்கு மட்டுமே இடம். பெரும்பாலும் ஞாயிறுதோறும் ஓர் ஆர்சி வர, ஆறேழு வாரங்களில் இறுதிப் பதிப்பு வெளியாகும். ஒரு வசதிக்காக வெளியீட்டை நிறுத்திவைப்பதில்லை. தவறவிட்டவர் அடுத்த சுற்றுக்கு ஏறக்குறைய பத்து வாரம் காத்திருந்தால் போதும். அரைகுறை நிரலை அவசரமாகத் திணிக்கும் நெருக்கடியைத் தணித்ததே இம்முறையின் பெரிய நன்மை.

இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் வந்து குவியும்போது கிளைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, 2008 பிப்ரவரியில் ஸ்டீஃபன் ராத்வெல் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற கிளையைத் தொடங்கினார். அடுத்த பதிப்புக்குரிய பராமரிப்பாளர் கிளைகள் யாவும் வேலைநாள்களில் அன்றன்று அதில் இணைக்கப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. மோதல்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இவ்வளவு காப்பு இருந்தும் 2021இல் ஒரு பெரும் வழு தப்பி நுழைந்தது. 5.12 ஆர்சி1இல், நினைவகத்துக்குத் துணையாக வட்டில் வைக்கப்படும் ஸ்வாப் கோப்பைப் பயன்படுத்திய கணினிகளில் தரவு அந்தக் கோப்பில் எழுதப்படாமல் வட்டின் வேறிடத்தில் எழுதப்பட்டது. கோப்பு முறைமையே அழியலாம். டோர்வால்ட்ஸ் அந்த ஆர்சி1ஐச் சுட்டும் கிட் குறிச்சொல்லுக்குப் ‘பயன்படுத்தாதீர்’ என்ற பின்னொட்டைச் சேர்த்துப் பெயரை மாற்றினார். ஆர்சி2ஐ இரு நாள் முன்னதாக வெள்ளிக்கிழமையே வெளியிட்டார். அந்த ஆர்சி1இன் மேல் யாரும் கிளை தொடங்க வேண்டாம் என்றும் வற்புறுத்தினார். அப்படித் தொடங்கிய கிளை பின்னாளில் இணைந்துவிட்டால், வேறொரு வழுவைத் தேடிப் பழைய நிலைகளை ஒவ்வொன்றாக இயக்குபவரின் வட்டும் அழியக்கூடும். கிளையை எப்போது இணைப்பது என்பதைப் போலவே எங்கிருந்து பிரிப்பது என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

நிலைக்கிளைகளுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: முதன்மைக் கிளையில் முதலில் சேராத திருத்தம், அரிதான விலக்குகள் தவிர, அவற்றில் ஏற்கப்படாது. பெரும்பாலான நிலைக்கிளைகள் அடுத்த பதிப்பு வந்ததும் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒன்று நீண்டகாலப் பராமரிப்புக்குத் தெரிவு செய்யப்படுகிறது. 2017இல் சிலவற்றுக்கு ஆறாண்டாக நீட்டப்பட்ட அந்தக் காலம், 2023இல் மீண்டும் இரண்டாண்டு என்ற அளவுக்கே திரும்பும் என அறிவிக்கப்பட்டது.