செத்த காலேஜில் நம்ம சனம்

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னைச் சனங்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’. 1851-ல் மியூசியம் தொடங்கியது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். அந்தக் ‘காலேஜ்’ அப்படியே ஒட்டிக்கொண்டது போலும். எழும்பூருக்கு மாறிய பிறகு, 1855-ல், அதன் முதல் அதிகாரி எட்வர்ட் பால்ஃபர் அதே வளாகத்தில் மிருகங்களையும் வளர்க்க ஆரம்பித்தார். செத்ததும் உயிரோடு இருப்பதும் ஒரே மதிலுக்குள். திமிங்கில எலும்புக்கூடு இயற்கை, நடராசர் கலை, ஆதிச்சநல்லூர்த் தாழி பண்பாடு. இந்தப் பாகப்பிரிவினையில் நம்ம சனம் எந்தப் பங்கில் வந்தது?

எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1885 முதல் 1908 வரை அந்த மியூசியத்தை நடத்தினார். படிப்பு மருத்துவம். 1890-களில் மீனையும் சிப்பியையும் விட்டு மனிதனை அளக்கக் கிளம்பிவிட்டார். காலிப்பரும் டேப்பும் காமிராவுமாக மலை மலையாக, ஊர் ஊராகச் சுற்றினார். எங்க பச்சமலையிலும் கொல்லிமலையிலும் இருக்கிற மலையாளிகளின் சொந்தபந்தம் சேர்வராயனிலும் உண்டு, அவர்களையும் அளந்தார். மண்டை எவ்வளவு, தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே மூக்கு. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். எண் ஏறினால் சாதி இறங்கும் என்பது ரிஸ்லி போன்றவர்கள் கண்ட ‘விஞ்ஞானம்’. இந்த அளவெடுப்பைப் போலீஸ் அதிகாரிகளுக்கும் தர்ஸ்டன் பாடமாக நடத்தினார். யாரை அளக்கப் போலீசுக்குத் தேவைப்பட்டது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1871-ல் வடக்கே வந்த குற்றப்பழங்குடிச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

1909-ல் ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார் தர்ஸ்டன். அகரவரிசையில் சாதிகள், பூச்சிகளை ஊசி குத்தி அட்டையில் வரிசை வைத்த மாதிரி. அதன் முன்னுரையில் அவரே ஒரு சங்கதி சொல்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை மியூசியத்தில் வைக்கத்தான் இந்த ஆள் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்களாம். அப்படி முடிந்தால் மாதிரி உருவம் செய்கிற தொல்லை தீருமே என்று கேலியும் பேசுகிறார்.

படித்தவர்கள் இதைப் பாமரரின் அச்சம் என்று சிரித்துக் கடந்துபோவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வயநாட்டுப் பணியர் தலைமுறை தலைமுறையாகப் பண்ணை அடிமைகள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். தங்கள் உடம்பை இன்னொருத்தன் உற்றுப் பார்த்தால் என்ன நடக்கும் என்று அனுபவத்தில் அறிந்தவர்கள். அந்தக் காலத்தில் மியூசியம் என்றால் என்ன என்று சரியாகச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான். அதைச் சொல்ல அவர்களுக்குக் கட்டுரை வேண்டியிருக்கவில்லை, ஓட்டம் போதுமாயிருந்தது. கெங்கவல்லியில் ஒரு இரவுப் பாடசாலையில் இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு ஆயா கேட்டது: “அளவெடுக்க வர்றவன் எதுக்குடா வருவான்? ஒண்ணு சட்டை தைக்க, இல்லாட்டி பொட்டி செய்ய. அவன் சட்டை தச்சுக் குடுத்தானா?”

அளக்கப்பட்டவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. 1906-ல் மியூசியத்தின் வெளியீடாக கிளேட்டன் என்ற பாதிரியார் பறையரையும் நந்தன் கதையையும் பற்றி எழுதினார். எழும்பூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இராயப்பேட்டையில் அடுத்த ஆண்டே, 1907-ல், பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கினார். தீயில் இறங்கித் தீட்டுக் கழித்த நந்தனை அவர் ஏற்கவில்லை. நந்தன் பௌத்த அரசன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன் என்று எழுதினார். ஒரே நகரம், ஒரே காலம், ஒரே நந்தன். ஒருவர் நம்மைப் பற்றி எழுதினார், இன்னொருவர் நாமாக எழுதினார். தர்ஸ்டனின் தொகுதிகள் நூலகம்தோறும் போயின. பண்டிதரின் எழுத்துக்கள் பெருந்தொகுப்பாக நம் கைக்கு வர 1999 ஆயிற்று.

அம்பேத்கர் செய்தது இன்னும் ருசியானது. காலிப்பரைத் தூக்கி எறியவில்லை, திருப்பிப் பிடித்தார். தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து 1948-ல் வெளியிட்ட நூலில் இதே மூக்குக் கணக்குகளை எடுத்து வைத்து, மாகாணம் மாகாணமாகப் பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் ஒப்பிட்டார். இந்த விஞ்ஞானம் உண்மையென்றால் இருவரும் ஒரே இனம்தான் என்று முடித்தார். தீண்டாமைக்கு இனம் காரணமில்லை. காரணத்தை வேறெங்கோ தேடு என்பது அதன் பொருள். அவர் தேடிப்போன இடம் பௌத்தம்.

அந்தப் பௌத்தம் எங்க மாவட்டத்து மண்ணில் கல்லாகக் கிடக்கிறது. சேலம் பெரியேரியில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று சனங்கள் கும்பிட்டுவந்த சிலை புத்தர்தான் என்று பௌத்த அமைப்பொன்று வழக்குப் போட்டது. தொல்லியல் துறை ஆய்ந்து பார்த்தது. தாமரைப் பீடம், தியானத்தில் மடித்த கைகள், நீண்ட காது, சுருள்முடி. வெட்டுண்ட தலையைச் சிமெண்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். அது புத்தர் சிலையே, அறநிலையத் துறையிடமிருந்து தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், புத்தர் என்று பலகை வைக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் பலகை எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமராவதிக் கற்களும் நாகப்பட்டினத்துப் புத்தர்களும் எழும்பூரில் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே இருக்கின்றன. எந்த நூற்றாண்டு, எந்த ஊர் என்று அட்டை சொல்லும். அந்தப் பௌத்தர்கள் எங்கே போனார்கள் என்று சொல்லாது. பெரியேரியில் பெயரை மறந்தாலும் சனங்கள் வெட்டை மறக்கவில்லை. ‘தலைவெட்டி’ என்ற அந்த ஒரு சொல்லில் நடந்ததைப் பொத்தி வைத்திருந்தார்கள். ‘புத்தர்’ என்று எழுதுகிறபோது அந்தச் சொல்லை அழித்துவிடக்கூடாது. இரண்டும் இருக்கட்டும் பலகையில்.

ஆத்தூர் தாண்டி தியாகனூரில் இன்னும் இரண்டு புத்தர்கள் இருக்கிறார்கள். மழை முடிந்ததும் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளோடு போகிறோம். டேப் எடுத்துப் போவோம், சிலையை அளக்க மட்டும். ஊர்ச் சனம் சொல்கிற கதையை, சொன்னவர் சம்மதித்தால் அவர் பேரோடு, நோட்டில் எழுதிக்கொள்ளப் போகிறோம்.